கஷாயத்துக்கு ஒரு மாதிரி நூல்

என் நாக்கைப் போட்டோ பிடித்துச் சீனாவுக்கு அனுப்பினார்கள் என்று சொன்னால் எங்கள் பிள்ளையார்பாளையத்தில் இன்னும் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஊரே முகத்தைப் பிடித்து அனுப்புகிற காலத்தில் எனக்கு வாய்த்தது நாக்கு. செல்போனை நீட்டிப் பிடித்தவள் சுகாசினி. பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம் நீட்டு, இன்னும் கொஞ்சம் நீட்டு என்று ஏலம் விட்டவர் என் வீட்டுக்காரர் தினகரன். கல்யாணமான நாளாக எனக்கு நாக்கு நீளம் என்று சொல்லி வந்தவர் அவர்தான். அன்றைக்கு மட்டும் அந்த நீளம் அவருக்குப் போதவில்லை.

விஷயம் இதுதான். என் இரண்டு கையிலும் கரப்பான். டாக்டர்கள் எக்ஸிமா என்பார்கள். பொடிப்பொடியாகக் கொப்புளித்து, அரித்து, நீர் வடிந்து, பிறகு காய்ந்து செதில் செதிலாக வெடிக்கும். மற்றவர்களுக்கு அது அரிப்பு, எரிச்சல், அவ்வளவுதான். எனக்கு அது பிழைப்பு. நான் பட்டு நெய்கிறவள். சேலையில் புட்டா என்கிற பூ போடும்போது ஜரிகை சுற்றிய சின்னச் சின்னக் கண்டுகளை ஒவ்வொன்றாக விரலால் நூலுக்குள் நுழைத்து எடுக்க வேண்டும். செதில் விட்ட விரலைப் பட்டு இழை சும்மா தாண்டிப் போகாது, பிடித்துக்கொள்ளும். நெய்த சேலையைச் சாய்த்துப் பார்த்தால் அங்கங்கே இழை மயிர்மயிராக எழும்பி நிற்கும். ஒரு தடவை சந்தன நிறச் சேலையில் விரல் வெடிப்பிலிருந்து கடுகளவு ரத்தம் பட்டுவிட்டது. முதலாளி என்னைத் திட்டவில்லை. அடுத்த சேலைக்கு நூல் கொடுக்கும்போது மட்டும், கமலவேணிக்கு இனிமேல் அரக்குக் கலரே கொடுங்கள் என்று ஆளிடம் சொன்னார். அரக்கில் ரத்தம் தெரியாது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அழுதேன்.

மருந்துக்குக் குறைவில்லை. தோல் டாக்டர் கொடுத்த களிம்பைத் தடவுகிறவரை கை கையாக இருக்கும், நிறுத்தினால் பழைய குருடி கதவைத் திறப்பாள். தறியையும் சோப்புத் தண்ணீரையும் விட்டால் நல்லது என்றார் அவர். நல்ல மனுஷர்தான். சோறு தின்பதையும் விட்டுவிடச் சொல்லவில்லையே. சித்த வைத்தியம் பார்த்தோம், புளியும் கத்தரிக்காயும் கருவாடும் நிறுத்தினோம். கரப்பான் என்னை விட்டுப் போவதாக இல்லை.

தினகரன் சாயம் போடுகிறவர். வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. அவருக்குச் சொத்து என்றால் அந்தக் கண்தான். யாராவது மாவிலைக் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டு வந்து இந்தப் பச்சை வேண்டும் என்றால், இலை வாடுவதற்குள் நூலில் கொண்டுவந்துவிடுவார். ஒரே சேலைக்கு இன்றைக்குப் போட்ட நூலும் அடுத்த வாரம் போடுகிற நூலும் ஒரே ஷேடாக இருக்க வேண்டும். இம்மி வெளுத்தாலும் சேலையின் நடுவே பட்டையாகத் தெரியும். அதற்காக ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு துண்டு மாதிரி நூலைப் பட்டறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருப்பார். அண்டாவிலிருந்து எடுத்த நூலை வெயிலுக்குக் கொண்டுபோய் மாதிரியோடு சேர்த்துப் பிடிப்பார். வெளுத்திருந்தால் இன்னும் கொஞ்சம் சாயம் விடுவார். அதில் அவர் தப்பினார் என்று இந்த ஊரில் ஒருத்தரும் சொன்னதில்லை. அந்தப் பெருமை அவருக்கு உண்டு. எனக்கும் இருந்தது.

சுகாசினி முசரவாக்கத்துப் பெண், முன்பு எங்களுக்குக் கண்டு சுற்றித் தந்த லில்லியின் மகள். காலேஜ் லீவு விட்டால் எங்கள் வீட்டுக்கு வந்து கண்டு சுற்றிக் கொடுப்பாள். வேலையைவிட வாய்தான் அதிகம். எனக்கும் அதுதான் பிடிக்கும். படிப்பு முடிந்ததும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சேர்ந்தாள். கம்பெனி பஸ் இறக்கிவிடுகிற வழியில் எங்கள் வீடு. வாரத்துக்கு ஒரு முறையாவது எட்டிப் பார்த்து, நேராகத் தறிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். என் நாத்தனார் சங்கரிக்கு அது கண்ணை உறுத்தும். அந்தப் பெண் எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்பது சங்கரிக்கு ஒருநாளும் மறந்ததில்லை. நான் கண்டுகொள்ள மாட்டேன்.

கம்பெனியில் சுகாசினிக்கு மேலதிகாரி லியூ மேடம் என்று ஒரு சீனாக்காரி. அவளுடைய சொந்தச் சித்தி அந்த ஊரில் மூலிகை வைத்தியராம். இந்த வியாதிக்கென்றே வேரும் பட்டையும் கலந்து பொட்டலம் கட்டிக் கொடுப்பாராம். என் கையைப் பற்றி சுகாசினி சாப்பாட்டு நேரத்தில் பேச்சோடு பேச்சாகச் சொல்ல, கையையும் நாக்கையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார் அந்தச் சித்தி. நாக்கைப் பார்த்துத்தான் உடம்புக்குள் இருக்கிற சூட்டையும் ஈரத்தையும் கண்டுபிடிப்பார்களாம். லியூ மேடம் லீவுக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது என் பெயருக்குப் பொட்டலங்கள் வந்துவிட்டன.

ஒரு பொட்டலத்தைப் பிரித்துத் தரையில் கொட்டினோம். மரச்சீவல் மாதிரிப் பட்டை, சுருண்ட வேர், காய்ந்த பூ, ஆட்டு வாடை அடிக்கிற ஒரு வெள்ளைப் பட்டை, நடுவில் ஏதோ பூச்சி உரித்துப் போட்ட சட்டை. கண்ணும் காலும் அப்படியே இருந்தன. சங்கரி சேலையை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றாள். பிரதோஷத்துக்குக் கோயிலுக்குப் போகிற வீட்டில் பூச்சியை வேகவைத்துக் குடிப்பதா என்று ஆரம்பித்தாள். நாம் கட்டுகிற சேலையே புழு விட்ட நூல்தானே, அதைக் கட்டிக்கொண்டுதானே காமாட்சியம்மன் முன்னால் நிற்கிறோம் என்றேன். அதற்காகவும் அவளுக்கு என்மேல் கோபம்.

குடிக்கிற முறையை சுகாசினி பாடம் ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னாள். மண்சட்டியில்தான் காய்ச்ச வேண்டும், ஒரு நாளைக்கு ஒரு பொட்டலம், கூடவும் கூடாது குறையவும் கூடாது. மாதம் ஒரு தரம் ரத்தம் கொடுத்து ஈரல் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும், அதை மறக்கவே கூடாது என்று அந்தச் சித்தி அழுத்திச் சொன்னாராம். மற்றதற்கெல்லாம் தலையாட்டிய தினகரன் இதற்கு மட்டும் சிரித்தார்.

"உடம்புல எதனா மாறினா மொதல்ல கண்ணுக்குத் தெரியாதாமா? பச்சையில அம்பது பச்சை பிரிக்கிற கண்ணு இது," என்றார்.

நானும் சிரித்தேன். சுகாசினி சிரிக்கவில்லை. இருந்தாலும் ஒருதடவை எடுத்துடுங்க அண்ணா என்று சொல்லிவிட்டுப் போனாள்.

காய்ச்சுகிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார். புதுச் சட்டி வாங்கி, பட்டறை அடுப்பில், சாய அண்டாவுக்குப் பக்கத்தில் வைத்துக் காய்ச்சுவார். காலையில் டம்ளரோடு வந்து நான் குடித்து முடிக்கிறவரை எதிரிலேயே நிற்பார். அப்படி ஒரு கசப்பு, வேப்பெண்ணெயே தேவலை. முதல் நாளே ஒரு வெள்ளைப் பட்டு நூல் துண்டைக் கஷாயத்தில் முக்கி எடுத்து, மற்ற மாதிரி நூல்களோடு ஆணியில் மாட்டிவிட்டார். கருத்த காப்பி நிறம். இது எந்தக் கல்யாணப் பெண்ணுக்கு என்று கேட்டேன். உனக்குத்தான் என்றார். இந்த வயதில் எனக்கு வெட்கம் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கை ஆறியது. பொய் சொல்லவில்லை, உண்மையாகவே ஆறியது. நீர் நின்றது, அரிப்பு அடங்கியது, வெடிப்பு மூடி அடியிலிருந்து புதுத் தோல் வந்தது. ஒருநாள் தறியில் உட்கார்ந்து நூலை வருடினேன், விரல் வழுக்கிக்கொண்டு போனது. திரும்ப வருடினேன். எத்தனை வருஷம் ஆயிற்று. முதலாளியிடம் போய் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, தந்த நிறத்தில் ஒரு சேலைக்கு நூல் கொடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தபோது எனக்கு இருந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இருந்திருக்காது. சுகாசினி வந்து, ஆறிய கையைப் போட்டோ எடுத்து அனுப்பினாள்.

பொட்டலங்கள் தீருகிற சமயத்தில் அடுத்த கட்டு வந்தது. அன்றைக்கு அவளுக்கு ஷிப்டு மாறியிருந்ததால், பஸ் ஸ்டாண்டிலேயே தினகரன் கையில் கொடுத்துவிட்டு ஓடிவிட்டாள். மறுநாள் கஷாயம் வழக்கமான நிறத்தில்தான் வந்தது. கசப்பு மட்டும் தொண்டையைப் பிடித்தது. புது மருந்து, வீரியம் அதிகம்போல என்று நினைத்துக்கொண்டு மூக்கைப் பிடித்துக் குடித்தேன்.

கொஞ்ச நாளில் சோறு பிடிக்காமல் போனது. தாளிக்கிற வாசனை வந்தாலே குமட்டியது. தறியில் உட்கார்ந்தால் உடம்பு சரிந்து சரிந்து விழுந்தது. பிறகு அரிப்பு திரும்பியது. கையில் இல்லை, உடம்பு முழுவதும். பார்த்தால் தோலில் ஒன்றும் இல்லை; ஒரு கொப்புளம் இல்லை, ஒரு தடிப்பு இல்லை, ஆனால் உள்ளுக்குள்ளிருந்து அரிக்கிறது. தினகரன் கவலைப்பட்டார். உள்ளே தங்கின கரப்பான் வெளியே வரப் பார்க்கிறது, விடாமல் குடி என்றார். சிறுநீர் கட்டங்காப்பி மாதிரிப் போகிறது என்று அவரிடம் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வேன். அவர் யோசித்தார். சாயம் போட்ட நூலை முதல் தண்ணீரில் அலசும்போது நூலில் ஏறாத மிச்சச் சாயம் கக்கிக்கொண்டு போகும், அது மாதிரிதான், கக்குறது கக்கட்டும் என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. சாயக்காரர் பெண்டாட்டிக்கு வேறு எப்படிப் படும்?

அன்றைக்கு அவர் ஒரு எலுமிச்சை மஞ்சளுக்கு ஷேடு பிடித்துக்கொண்டிருந்தார். நூலை வெளியே வெயிலில் பிடித்துக்கொண்டு, அந்த மாதிரியை எடுத்துக்கினு வா வேணி என்று கூப்பிட்டார். நான் வீட்டுக்குள்ளேயே கிடந்து பல நாள் ஆகியிருந்தது. மாதிரி நூலை எடுத்துக்கொண்டு வந்து அவர் எதிரில் நின்றேன். அவர் கையிலிருந்த நூலைப் பார்த்தார், மாதிரியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பார்வை என் கண்ணிலேயே நின்றுவிட்டது. ஈர நூல் கையை விட்டு மண்ணில் விழுந்தது. அவர் போட்ட நூல் மண்ணில் விழுந்து நான் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தத்தைப் பார்த்த டாக்டரம்மா முகம் மாறிவிட்டது. ஈரல் வீங்கியிருக்கிறது, காமாலை ஏறியிருக்கிறது, இன்னும் ஏறினால் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்றார். என்ன மருந்து சாப்பிட்டீர்கள், எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நாட்டு மருந்தோ சீன மருந்தோ, மூலிகைதானே என்று நினைக்காதீர்கள், சிலருக்குச் சரியான அளவிலேயே ஈரலைப் பிடித்துவிடும், அதனால்தான் அளவு எனக்குத் தெரிய வேண்டும் என்றார். தினகரன் என் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். அவங்க சொன்ன மாதிரிதான் குடுத்தோம், ஒரு நாளைக்கு ஒரு பொட்டலம் என்றார். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

கேள்விப்பட்டு சுகாசினி கம்பெனி யூனிபாரத்தோடேயே ஓடிவந்தாள். சங்கரி அவளைக் கட்டில் பக்கம் வரவிடவில்லை. எங்கேயோ கிடக்கிற பூச்சியையும் வேரையும் கொண்டுவந்து கொடுத்து ஒரு குடும்பத்தைக் குலைத்துவிட்டாயே என்று வார்டே கேட்கும்படி பேசினாள். சங்கரியின் வீட்டுக்காரர் அந்தக் கம்பெனிக்கு வேன் விடுகிறவர். அவரிடம் சொல்லி உன்னையும் உன் மேடத்தையும் என்ன செய்கிறேன் பார் என்றாள். சுகாசினி அழுதுகொண்டே போனைக் கையில் பிடித்திருந்தாள். லியூ மேடம் தன் சித்தியிடம் பேசி அனுப்பிய பதில் அதில் இருந்தது. அதை எனக்குத்தான் சொன்னாள்.

"போட்டோவுல கை நல்லா ஆறிக்கினு வருதுன்னு பாத்தாங்களாம்க்கா. அதனாலதான் ரெண்டாவது தபா மருந்தைப் பாதியா கொறைச்சிக் கட்டுனாங்களாம். அதைக் குடிச்சி இப்படி எப்படி ஆச்சின்னு அவங்களுக்கே புரியலையாம். மாசா மாசம் ரத்தம் பாத்தாங்களான்னு கேக்குறாங்க."

நான் தினகரனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதுமடல் வரைக்கும் ரத்தம் வற்றிப்போன மாதிரி இருந்தது. முப்பது வருஷத்துக்குப் பக்கமாகப் பார்க்கிற முகம், அதில் நிறம் மாறினால் எனக்கும் தெரியும்.

எல்லோரும் போன பிறகு கேட்டேன்.

"ஷேடு வரல வேணி," என்றார். "புதுக் கட்டுல காய்ச்சினா வெறும் டீத்தண்ணி மாதிரி இருந்துச்சி. மாதிரி நூலை வச்சிப் பாத்தேன், பாதிகூட வரல. ஏமாத்திட்டாங்க, மட்டமான சரக்குன்னு நெனைச்சேன். ரெண்டா போட்டேன். அப்புறம் உனக்கு அரிக்குதுன்னு சொன்னப்ப இன்னும் ஒண்ணு சேத்தேன்."

என் கை ஆறுகிறது என்று குறைத்து அனுப்பிய மருந்து அது. நான் தேறி வருவதுதான் அந்த வெளுப்பு. அதை இந்த மனுஷன் குறை என்று நினைத்து, கருக்கக் கருக்கக் காய்ச்சி, என் எதிரில் நின்று, கடைசிச் சொட்டு வரை குடிக்க வைத்திருக்கிறார். எனக்குக் கோபம் வரவில்லை. பயம் வந்தது. இவர் கண்ணை நம்பித்தானே நான் இத்தனை நாள் ரத்தம்கூடப் பார்க்காமல் கிடந்தேன்.

டாக்டரம்மாவிடமும் சுகாசினியிடமும் சொல்லிவிடுங்கள் என்றேன். சொல்கிறேன், நீ தேறி வா என்றார். மறுநாள் கேட்டேன், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றார். பெண்டாட்டிக்கு விஷம் காய்ச்சினவன் என்று தெரு பேசுமே என்று ஒரு தடவை முணுமுணுத்தார். ஷேடு தப்பின சாயக்காரனிடம் யார் நூல் கொடுப்பார்கள் என்று இன்னொரு தடவை. அந்த இரண்டாவதுதான் அவருக்கு உண்மையான பயம் என்று எனக்குப் புரிந்தது. நானே கத்திச் சொல்லியிருக்கலாம். எழுந்து உட்காரவே இன்னொருத்தர் பிடிக்க வேண்டியிருந்த நேரம் அது. அதோடு, இது நான் சொல்லித் தெரிய வேண்டிய விஷயம் இல்லை, அவர் வாயால் வர வேண்டியது என்று ஒரு பிடிவாதமும் இருந்தது.

அதிர்ஷ்டம், சென்னைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. மருந்து நின்றதும் காமாலை மெல்ல மெல்ல இறங்கியது. வீட்டுக்கு வந்த அன்று முதல் வேலையாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். எல்லா மாதிரி நூலும் அதனதன் ஆணியில் இருந்தன. காப்பி நிறத்து நூல் மட்டும் இல்லை, வெறும் ஆணி. அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. தப்புச் செய்ததற்கு வராத கோபம், அதை மறைத்ததற்கு வந்தது.

சங்கரி கூடத்தில் உட்கார்ந்து, தன் வீட்டுக்காரர் கம்பெனியில் பேசிவிட்டதாகவும், லியூ மேடத்தை விசாரிக்கப் போகிறார்கள் என்றும், சுகாசினியின் வேலையும் போய்விடும் என்றும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏதோ நல்ல காரியம் நடத்திவிட்ட மாதிரி ஒரு முகம். தினகரன் கேட்டுக்கொண்டிருந்தார், வாயைத் திறக்கவில்லை. நான் போனை எடுத்து சுகாசினியை வரச் சொன்னேன்.

சாயங்காலம் வந்தாள். எப்போதும் நேராகத் தறிக்குப் போகிறவள், அன்றைக்கு வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே வா என்றேன். பரவால்லக்கா என்றாள். அந்த ஒரு சொல் என்னை அறுத்தது.

நான் தினகரனிடம் திரும்பினேன். ஆணியில் இருந்த மாதிரி நூல் எங்கே என்று கேட்டேன். எதற்கு என்றார். அதைக் குப்பையில் போட்டிருந்தால் என்னோடு இனிமேல் பேச வேண்டாம், என் சோற்றை நானே வடித்துக்கொள்கிறேன் என்றேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. அது அவருக்கும் தெரியும்.

அவர் சட்டைப் பையில் கையை விட்டார். அங்கேதான் இருந்திருக்கிறது. துவைக்கப் போடும்போதெல்லாம் ஒரு சட்டையிலிருந்து இன்னொரு சட்டைக்கு மாற்றி மாற்றி வைத்திருக்கிறார். எழுந்து வாசலுக்குப் போனார். சுகாசினி முன்னால் அந்த நூலை நீட்டிக்கொண்டு நின்றார்.

"நாந்தாமா ரெண்டா போட்டேன்," என்றார். "கலர் கம்மியா இருக்குதுன்னு ரெண்டா போட்டேன். அப்புறம் மூணா போட்டேன். டெஸ்டு எடுக்கச் சொன்னதையும் எடுக்கல. அந்தம்மா மேல தப்பு இல்ல. உம் மேலயும் இல்ல. எங்கண்ணு மேல தப்பு."

சங்கரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நீ சும்மா இரு என்றார், முதல் தடவையாக.

சுகாசினி நூலை வாங்கிக்கொள்ளவில்லை. அழவும் இல்லை. இதை ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருக்கலாமே அண்ணா என்றாள். அவள் போனை எடுத்து ரெக்கார்டை அமுக்கி அவர் வாய்க்கு நேரே பிடித்தாள். திரும்ப ஒருதடவை சொல்லுங்கள், மேடத்துக்கும் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும் என்றாள். தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அவர் எல்லாவற்றையும் திரும்பச் சொன்னார். ஷேடு என்று சொன்ன இடத்தில் நிறுத்தி, இது அவங்களுக்குப் புரியுமாமா என்று கேட்டார். நீங்கள் சொல்லுங்கள், புரிய வைத்துக்கொள்கிறேன் என்றாள்.

வேலை போகவில்லை. ஆனால் லியூ மேடத்துக்கு எச்சரிக்கை கொடுத்தார்களாம். இனி யாருக்கும் ஒரு இலைகூட வாங்கித் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். சுகாசினி போனில் நலம் விசாரிக்கிறாள். வீட்டுக்கு இன்னும் வரவில்லை. நான் கூப்பிடுகிறேன், வரேன்க்கா என்கிறாள். தறிக்குப் பக்கத்தில் அவள் உட்காருகிற இடம் காலியாகத்தான் இருக்கிறது.

கரப்பானும் திரும்பிவிட்டது. பாதியில் நின்ற தந்த நிறச் சேலையை முதலாளி ஆள் வைத்து வேறு கைக்கு மாற்றிவிட்டார். இப்போது தறியில் இருப்பது அரக்கு. டாக்டரம்மாவிடம் தினகரனே போய் உண்மையைச் சொன்னார். அவர் கோபித்துக்கொண்டார், பிறகு மாதா மாதம் ரத்தம் பார்க்கும்படி எழுதிக் கொடுத்தார்.

அதைப் பார்க்க வேண்டிய நாள் இன்றைக்கு. எனக்கு அலுப்பாக இருந்தது. ஊசி குத்திக் குத்திக் கை புண்ணானதுதான் மிச்சம் என்று நினைத்தேன். பட்டறை வாசலில் அவர் நூல் காயவைத்துக்கொண்டிருந்தார். அவர் எதிரில் போய், வெயிலுக்கு நேராக முகத்தைக் காட்டி, கண்ணை அகல விரித்துக்கொண்டு நின்றேன்.

"வெள்ளையாத்தான இருக்குது, பாத்துச் சொல்லுங்க," என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். ஒரு கண்ணைப் பார்த்தார், இன்னொரு கண்ணைப் பார்த்தார். என் தாடையைப் பிடித்து வெயில் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பிப் பார்த்தார். தோளுக்குப் பின்னால் அவர் போட்ட அத்தனை நிறமும் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியல வேணி," என்றார். "செருப்பப் போடு. ரத்தம் குடுத்துட்டு வந்துரலாம்."